விளம்பரத்துக்கு முன் விலாசம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு வணிகர்கள் சமூக ஊடகத்துக்கு வர வேண்டும் என்று வலியுறுத்தி உங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையை அந்தக் கட்டுரை தொடவே இல்லை. மதுரையில் கடைக்காரர்களின் பணம் கரைவது பெரும்பாலும் அந்த வரிசை பிசகுவதால்தான். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன். இடம் கருதிச் சுருக்க நேர்ந்தாலும் கணக்குகளையும் வழிமுறைகளையும் வெட்டாமல் வெளியிட வேண்டுகிறேன்.

மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் சுற்றிலும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவைப் பலருக்கும் காட்டும் 'பூஸ்ட்'டுக்கு மாதம் ஐயாயிரம், பத்தாயிரம் என்று கட்டுகிற கடைகள் நிறைய உண்டு. அதே கடையைக் கூகுள் மேப்பில் தேடினால் கடையின் இடத்தைக் காட்டும் 'பின்' அடுத்த சந்தில் குத்தியிருக்கும். எப்போதோ விட்டுப்போன ஃபோன் எண் இருக்கும். ஞாயிறு விடுமுறை என்று காட்டும், கடையோ திறந்திருக்கும். ரீல்ஸைப் பார்த்துவிட்டு மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ பஸ் ஏறி வந்தவர், பெரியார் நிலையத்தில் இறங்கி மேப்பைப் பார்த்து நடந்து, கடை அகப்படாமல் வழியில் தெரிந்த இன்னொரு கடையில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். விளம்பரத்துக்குக் காசு கட்டியவர் ஒருவர், வியாபாரம் பார்த்தவர் வேறொருவர்.

எனவே முதல் வேலை கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் பதிவு. 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்டது இதுதான். இதற்குக் கட்டணம் கிடையாது. கடையின் பெயரைத் தேடும்போது ஏற்கெனவே யாரோ சேர்த்த பதிவு வந்தால் புதிதாக ஒன்று தொடங்காமல், அந்தப் பதிவில் உள்ள உரிமை கோரும் இணைப்பை அழுத்த வேண்டும். சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெருவின் பெயரோ அக்கம்பக்கத்துக் கடைகளோ தெரியும்படி தொடங்கி, பெயர்ப்பலகை, உள்ளே சரக்கு, பிறகு நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்பதற்கு அடையாளமாக ஷட்டரைத் திறப்பது அல்லது பில் போடும் இடத்தில் உட்கார்வது வரை ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தி ஒட்டிய வீடியோ தள்ளுபடியாகும். பலகை மாட்டாத கடைக்கு இதில் தேறுவது சிரமம். ஆகவே பலகைதான் அதற்கும் முந்தின செலவு.

பெயர் என்ற இடத்தில் பலகையில் இருப்பது மட்டுமே இருக்க வேண்டும். கடைப் பெயருக்குப் பின்னால் 'மதுரையின் சிறந்த சுங்குடிச் சேலை மொத்த விற்பனை' என்று நீட்டி எழுதச் சொல்லும் விளம்பர ஏஜென்சிகள் இருக்கின்றன. அது கூகுள் விதிக்கு எதிரானது. போட்டிக் கடைக்காரர் ஒருவர் புகார் கொடுத்தாலே பதிவு முடங்கக்கூடும். முடங்கினால் அதுவரை சேர்ந்த ரிவ்யூக்கள் கண்ணில் படாமல் போகும், மீட்க வாரக்கணக்கில் அலைய வேண்டும். சொல்ல விரும்புவதை வகை என்ற இடத்தில் சொல்லலாம். முதன்மை வகை ஒன்று, கூடுதல் வகைகள் ஒன்பது வரை கொடுக்கலாம். முதன்மை வகைதான் தேடலில் அதிகம் எடை பெறுகிறது. சேலை மட்டுமே விற்பவர் 'துணிக்கடை' என்ற பொது வகையில் நிற்காமல் 'சேலைக் கடை' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விவரக் குறிப்புக்கு 750 எழுத்துகள் வரை இடம் உண்டு. வண்டியை எங்கே நிறுத்தலாம், எந்த வாசல் வழியாக வர வேண்டும், மாடியா தரைத்தளமா என்பதை அங்கே எழுதுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு வரி எந்த அடைமொழியையும்விடப் பயன்படும்.

நேரத்தைப் பொறுத்தவரை, வழக்கமான நேரம் தவிர 'சிறப்பு நேரம்' என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் தேரோட்டத்தன்றும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் கடை எப்போது திறக்கும், எப்போது அடைக்கும் என்பதை முன்கூட்டியே அதில் போட்டுவிடலாம். வெளியூர்க் கூட்டம் மொத்தமும் மேப்பைப் பார்த்துக்கொண்டு நடக்கிற நாட்கள் அவை.

தேடலில் யார் மேலே வருவது என்பதைக் கூகுள் மூன்றை வைத்துத் தீர்மானிக்கிறது. தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவர் நிற்கும் இடத்திலிருந்து தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. பணம் கட்டி இந்த வரிசையை மாற்ற முடியாது என்று கூகுளே வெளிப்படையாகச் சொல்கிறது. 'பதினைந்தாயிரம் கட்டுங்கள், மேப்பில் முதல் இடம்' என்று வரும் ஃபோன் அழைப்புகளை இதை வைத்தே தள்ளிவிடலாம். அண்ணா நகரில் நிற்பவருக்கும் திருப்பரங்குன்றத்தில் நிற்பவருக்கும் ஒரே கடை முதலிடத்தில் வராது. ஏஜென்சிக்காரர் உங்கள் கடைக்குள் உட்கார்ந்து தேடிக் காட்டும் 'முதலிடம்' தூரத்தால் வந்தது.

கடை இடம் மாறினால் பழைய பதிவில் விலாசத்தைத் திருத்தினால் போதும். புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடைகள் மாறியதுபோல மாறும்போது, பலர் செய்வது புதிதாக ஒரு பதிவு தொடங்குவது. பழைய ரிவ்யூக்கள் பழைய இடத்திலேயே தங்கிவிடுகின்றன, வாடிக்கையாளர் இரண்டு பின்களுக்கு நடுவே குழம்புகிறார். விலாசத்தைத் திருத்தினால் ரிவ்யூக்கள் பொதுவாகக் கூடவே வரும்.

ரிவ்யூவுக்குத் தள்ளுபடி கொடுப்பதும், ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒரு ஜிகர்தண்டா இலவசம் என்பதும் விதிமீறல். திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும் கூடாது. ப்ரொஃபைலிலேயே ரிவ்யூ கேட்பதற்கான இணைப்பும் கியூஆர் குறியீடும் கிடைக்கும். அதை அச்சடித்து பில் போடும் மேசையில் எல்லோரும் பார்க்க வைத்தால் போதும். கடைப் பையன்கள் பத்துப் பேரும் ஒரே நாளில் ஆளுக்கொரு ரிவ்யூ எழுதினால், அவை நீக்கப்படுவதோடு மற்றவற்றின் மீதும் சந்தேகம் விழும். திட்டி எழுதியவருக்குப் பதில் எழுதும்போது, அந்தப் பதிலை அவர் ஒருவருக்காக எழுதாமல், இனி வரப்போகிறவர்கள் படிப்பார்கள் என்று நினைத்து எழுத வேண்டும். நடந்ததை இரண்டு வரியில் ஒப்புக்கொண்டு, கடைக்கு அழைக்கச் சொல்லி முடிக்கலாம். அவர் என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி வைத்தார் என்பதையெல்லாம் பொதுவில் எழுதக் கூடாது.

அடுத்தது கடைகளுக்கென்றே உள்ள வாட்ஸ்அப் செயலியான வாட்ஸ்அப் பிசினஸ். வீட்டு உறவுகளும் வாடிக்கையாளர்களும் ஒரே எண்ணில் கிடந்தால் ஆர்டர் விடுபடும். கடைக்குத் தனி எண் வேண்டும். அதற்காகப் புதிய சிம் வாங்க வேண்டும் என்பதில்லை. 0452 என்று தொடங்கும் பழைய தரைவழி எண்ணிலேயே வாட்ஸ்அப் பிசினஸைப் பதிவு செய்யலாம். குறுஞ்செய்திக்குப் பதில் 'அழைத்துச் சொல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஃபோனுக்கே அழைப்பு வந்து எண்களைச் சொல்லும். நாற்பது வருடமாக ஊருக்குத் தெரிந்த எண் அப்படியே வாட்ஸ்அப்பிலும் இருப்பது பெரிய பலம். முதலாளியின் ஃபோன் தவிர இன்னும் நான்கு கருவிகளை அதே கணக்கில் இணைக்கலாம். ஆகவே பதில் சொல்வதற்கு முதலாளி சாப்பிட்டு வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டாம். அதிலுள்ள கேட்லாக் என்ற பொருள் பட்டியலில் 500 பொருள்கள் வரை ஏற்றலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண்ணும் விலையும் கட்டாயம் வையுங்கள். 'விலைக்கு மெசேஜ் செய்யவும்' என்று எழுதுவதால் ரகசியம் எதுவும் காக்கப்படுவதில்லை. கேட்கக் கூச்சப்படுகிறவர் நகர்ந்துவிடுவார், கேட்கிறவர்களில் பாதிப் பேர் விலையைத் தெரிந்துகொண்டு போய்விடுவார்கள். இரண்டு பக்கமும் உங்கள் நேரம்தான் போகிறது.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் 'அனுப்பினேன், யாரும் பார்க்கவில்லை' என்று சோர்ந்து போகிறார்கள். பில் கொடுக்கும்போதே 'இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதுச் சரக்கு வந்தால் தகவல் வரும்' என்று வாயால் சொல்வதுதான் வழி. எங்கோ விலைக்கு வாங்கிய எண்களைக் குழுவில் சேர்த்து விளம்பரம் தள்ளினால், அவர்கள் பிளாக் செய்து புகார் கொடுப்பார்கள். புகார் சேரச் சேரக் கணக்கே தடையாகும். தடையாவது கடையின் ஒரே எண் என்றால் அன்றைக்கு வியாபாரம் நின்றது என்று பொருள்.

மூன்றாவது, கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்பது. எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். பல கடைகளின் ஃபேஸ்புக் பக்கமும் இன்ஸ்டாகிராம் கணக்கும் ஏஜென்சிப் பையனின் சொந்த ஐடியில் தொடங்கப்பட்டவை. அவர் வேறு வேலைக்குப் போனாலோ பணத் தகராறு வந்தாலோ பக்கம் அவரோடு போய்விடுகிறது. பத்தாயிரம் ஃபாலோயர்கள் இருந்தாலும் சட்டப்படி கேட்டு வாங்க உங்களிடம் ஒரு தாள்கூட இருக்காது. சரியான முறை இது: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பிசினஸ் கணக்கை முதலாளி தம் பெயரில், தம் மின்னஞ்சலில் தொடங்க வேண்டும். பக்கமும், விளம்பரக் கணக்கும், பணம் செலுத்தும் முறையும் அதற்குள் இருக்க வேண்டும். ஏஜென்சிக்குப் பார்ட்னர் என்ற முறையில் அனுமதி மட்டும் கொடுக்க வேண்டும். கடவுச்சொல்லைக் கொடுக்கத் தேவையே இல்லை. கூகுளிலும் அப்படித்தான். முதன்மை உரிமையாளர் நீங்கள், அவர்கள் மேலாளர். வலைத்தளம் இருந்தால் அதன் டொமைன் (இணைய முகவரி) உங்கள் பெயரில், உங்கள் ஃபோன் எண்ணில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். வீட்டில் நம்பகமான இன்னொருவரையும் முழு அனுமதியோடு சேர்த்து, இருவருக்கும் கடவுச்சொல்லோடு இன்னொரு ரகசிய எண்ணும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி வையுங்கள்.

'உங்கள் பக்கம் காப்புரிமை மீறலால் 24 மணி நேரத்தில் முடக்கப்படும், இங்கே அழுத்துங்கள்' என்று மெசஞ்சரில் வருவது கடவுச்சொல்லைத் திருடும் வலை. மெட்டா அப்படி மெசேஜ் அனுப்பி ரகசிய எண் கேட்பதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணை அழைக்க வேண்டும். அதேபோல யுபிஐ கட்டியதாக வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சலைக் கட்டாதீர்கள். வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

இவ்வளவும் சரியான பிறகுதான் விளம்பரத்துக்குப் பணம். அங்கே முதலில் வேண்டியது ஒரு கணக்கு. சுங்குடிச் சேலைக் கடை ஒன்று 3,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி 540 சேர்த்து 3,540 ரூபாய். அதனால் 60 பேர் வாட்ஸ்அப்பில் விசாரிக்கிறார்கள், அதாவது ஒரு விசாரணைக்கு 59 ரூபாய். அவர்களில் 6 பேர் 1,200 ரூபாய்ச் சேலையை ஆளுக்கொன்று வாங்குகிறார்கள். விற்பனை 7,200. 'போட்டது 3,540, வந்தது 7,200, இரண்டு மடங்கு' என்று ஏஜென்சி அறிக்கை கொடுக்கும். கடையின் லாபம் 25 சதவீதம் என்றால் ஒரு சேலைக்கு 300 ரூபாய். 'டெலிவரி இலவசம்' என்று சொல்லிவிட்டதால் கூரியருக்கு 80 போக 220. ஆறு சேலைக்கு 1,320. விளம்பரச் செலவைக் கழித்தால் 2,220 ரூபாய் கையைக் கடிக்கிறது. முதலுக்கு மோசமில்லாமல் இருக்கவே 17 சேலை விற்க வேண்டும். அறுபது விசாரணையில் பதினேழு விற்பனை என்பது அரிது.

இந்தக் கணக்கைத் தேற்ற வழிகள் இருக்கின்றன. விளம்பரப் படத்திலேயே விலையைப் போட்டால் சும்மா கேட்பவர் குறைவார். இரண்டு சேலை எடுத்தால் மட்டும் டெலிவரி இலவசம் என்றால் ஒரு பார்சலில் லாபம் கூடும். ஒரு முறை வாங்கியவர் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திரும்ப வாங்கினால், இரண்டாவது முறைக்கு விளம்பரச் செலவு கிடையாது. ஆகவே வாங்கியவரின் எண்ணைக் குறித்து, வாட்ஸ்அப் லேபிளில் 'வாங்கியவர்' என்று பிரித்து வைப்பது விளம்பரத்தில் பாதி வேலை. ஜிஎஸ்டி பதிவு எண்ணை விளம்பரக் கணக்கில் ஏற்றியிருந்தால் அந்த 540 ரூபாயை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது, அவர்கள் முழுத் தொகையையும் செலவாகவே கொள்ள வேண்டும்.

எந்த விளம்பரத்தால் வந்தார் என்று தெரிய ஓர் எளிய வழி உண்டு. வாட்ஸ்அப் பிசினஸில் கிடைக்கும் சுருக்க இணைப்பில், திறந்ததும் தானாக நிரம்பும் ஒரு வாசகத்தை வைக்கலாம். விளம்பரத்திலும் அதுபோல முதல் கேள்வியை நாமே எழுதி வைக்கலாம். 'நீலச் சுங்குடி பற்றி' என்று ஒன்றில், 'கல்யாண ஆர்டர் பற்றி' என்று மற்றொன்றில் வைத்தால், எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தார் என்பதை வருகிற மெசேஜே சொல்லிவிடும். மாதக் கடைசியில் ஏஜென்சியிடம் லைக், ரீச் (எத்தனை பேர் கண்ணில் பட்டது) எதையும் கேட்காதீர்கள். எத்தனை விசாரணை, எத்தனை விற்பனை, ஒரு விற்பனைக்கு எவ்வளவு செலவு என்ற மூன்றை மட்டும் கேளுங்கள்.

போஸ்ட்டுக்குக் கீழே இருக்கும் 'பூஸ்ட்' பொத்தான் எளிது என்பதால்தான் ஆபத்து. அவசரத்தில் அழுத்தினால், லைக் போடும் பழக்கம் உள்ளவர்களைத் தேடி அது காட்டிக்கொண்டிருக்கும். வாங்குகிறவர்கள் அவர்கள் என்பதற்கு உறுதி இல்லை. விளம்பரங்களை அமைக்க மெட்டா தரும் ஆட்ஸ் மேனேஜருக்குள் போய், நோக்கம் என்ற இடத்தில் மெசேஜ் வருவதைத் தேர்ந்தெடுத்து, அதை வாட்ஸ்அப்புடன் இணையுங்கள். இடம் என்பதில் மாநிலத்தை மொத்தமாகக் கொடுக்காமல் கடையின் மேல் பின் குத்தி வட்டம் போடுங்கள். கே.கே. நகர் பேக்கரிக்கு மூன்று கிலோமீட்டர் போதும். பைபாஸ் சாலை ஃபர்னிச்சர் கடை நாற்பது கிலோமீட்டர் வைத்தால் திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி எல்லாம் அடங்கும். மெட்டாவின் வட்டம் அங்கே வசிப்பவர்களோடு அண்மையில் வந்து போனவர்களையும் சேர்த்தே கணக்கிடுகிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சின்ன வட்டம் போட்டால் வெளியூர்ப் பக்தர்கள் நிறைய விழுவார்கள். லாட்ஜுக்கும் பிரசாதப் பொருள் கடைக்கும் அது லாபம், டியூஷன் சென்டருக்கு நஷ்டம்.

மொழி என்ற இடத்தைக் காலியாகவே விடுங்கள். 'தமிழ்' என்று வடிகட்டினால், செயலியை ஆங்கிலத்தில் வைத்திருக்கும் தமிழர்கள் அத்தனை பேரும் விடுபட்டுப் போவார்கள். நம் ஊரில் அவர்களே அதிகம். கூகுள் தேடல் விளம்பரத்தில் இதற்கு இணையான பொறி ஒன்று உண்டு. இடத்தேர்வில், 'மதுரையில் இருப்பவர்கள் அல்லது மதுரையில் ஆர்வம் காட்டுபவர்கள்' என்பதே தொடக்கத்தில் இருக்கும். ஏசி ரிப்பேர் பார்ப்பவர் அதை 'இருப்பவர்கள்' என்று மட்டும் மாற்றாவிட்டால் சென்னையில் உட்கார்ந்து தேடுபவரின் கிளிக்குக்கும் காசு போகும்.

தினம் 200 ரூபாய் பட்ஜெட்டை ஐந்து விளம்பரத் தொகுப்பாகப் பிரிப்பது பெரும் தவறு. ஒரு தொகுப்புக்கு வாரத்தில் 50 பலன் (இங்கே விசாரணை) அளவுக்கு வந்தால்தான் மெட்டாவின் இயந்திரம் யாருக்குக் காட்டுவது என்று கற்கும். பிரித்துப் போட்டால் ஐந்தும் கற்காமலே காசு தீரும். ஒரே தொகுப்பு, அதற்குள் இரண்டு மூன்று படமோ வீடியோவோ, குறைந்தது ஒரு வாரம் கை வைக்காமல் இருப்பது நல்லது. தினமும் திருத்தினால் கற்றல் முதலிலிருந்து தொடங்கும். இரவு பதினொரு மணிக்கு வரும் விசாரணைக்குப் பதில் சொல்ல ஆள் இல்லையென்றால், மொத்த பட்ஜெட்டைத் தேர்ந்தெடுத்து நேர அட்டவணை வைத்து, ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் ஓட விடலாம். இரவில் கேட்டவர் காலையில் பதில் வரும்போது வேறு மூன்று கடையில் விலை கேட்டு முடித்திருப்பார்.

நம் ஊர்ச் சரக்குக்கே உரிய சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியில், கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியதும் உண்டு, அச்சடித்ததும் உண்டு. விலையிலும் உழைப்பிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். முடிச்சுப் புள்ளி ஒன்றுபோல் ஒன்று இராது, ஓரம் லேசாகக் கலங்கியிருக்கும். அச்சுப் புள்ளி எல்லாம் ஒரே அளவில் நிற்கும். புள்ளியை மிக அருகில் ஒரு படம், துணியின் பின்பக்கம் ஒரு படம், உடுத்திய நிலையில் ஒரு படம் என்று போட்டு, இது முடிச்சா அச்சா என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். நீளம், பிளவுஸ் சேர்ந்ததா, முதல் அலசலில் சாயம் இறங்குமா என்பதும் வேண்டும். படத்தைக் கடைக்குள் மஞ்சள் விளக்கில் எடுத்தால் அரக்கு ஆரஞ்சாகத் தெரியும். வெயில் நேராக விழாத காலை நிழலில், வாசலில் எடுங்கள். 'படத்தில் பார்த்த கலர் இல்லை' என்று திரும்பி வரும் பார்சல்களுக்கு மருந்து இது ஒன்றுதான்.

2013-இல் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு நிலையான விலை போட்டு விளம்பரம் ஓட விடக் கூடாது. பனிக்காலத்தில் வரத்து குறைந்து முகூர்த்தமும் சேர்ந்தால் மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை மணிக்கு மணி ஏறும். 'இன்று காலை ஏழு மணி விலை' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது சரி. கல்யாண மாலை விளம்பரத்தில் மாலையின் நீளம், கட்டும் முறை, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, பூ விலையை ஆர்டர் உறுதியாகும் நாளின் சந்தை விலை என்று வெளிப்படையாக எழுதினால் பிறகு சண்டை வராது.

விளாச்சேரிக் கொலுப் பொம்மைக்கும் அப்பளத்துக்கும் கூரியர்க் கணக்கே வேறு. எடை குறைவு, பெட்டி பெரிது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதைப் பல கூரியர் நிறுவனங்கள் எடையாக எடுத்துக்கொள்கின்றன. 40, 30, 20 அளவுள்ள பெட்டிக்கு 4.8 கிலோ. உள்ளே இருப்பது ஒன்றரைக் கிலோ பொம்மைதான் என்றாலும் 4.8 கிலோவுக்குத்தான் காசு. இதைப் பார்க்காமல் 'இந்தியா முழுவதும் டெலிவரி இலவசம்' என்று ரீல்ஸ் போட்டுவிட்டுப் பிறகு ஆர்டரை ரத்து செய்வதால் பெயர் கெடுகிறது. விலை வைக்கும் முன் ஒரு பெட்டியை முழுசாகக் கட்டி அளந்து பாருங்கள்.

ரீல்ஸுக்குச் சினிமாப் பாட்டை எடுத்துப் போடுவது பற்றி ஒரு வார்த்தை. பிசினஸ் கணக்குகளுக்குப் பிரபலப் பாடல்கள் பெரும்பாலும் அனுமதி இல்லை. சொந்தக் கணக்கில் ஏற்றி விளம்பரமாக மாற்றினாலும் ஒலி அடைக்கப்படும், அல்லது விளம்பரம் தள்ளுபடியாகும். மெட்டா தருகிற உரிமச் சிக்கலற்ற ஒலித் தொகுப்பைப் பயன்படுத்தலாம். தறிச் சத்தமும் கறிதோசைக் கல்லில் மாவு விழும் ஓசையும் பாட்டைவிட நன்றாகவே இழுக்கும். செங்குத்துப் படம், பேசுவதற்குக் கீழே தமிழில் எழுத்து, முதல் மூன்று விநாடிக்குள் பொருள் கண்ணில் படுவது, இவை போதும்.

சாப்பாட்டு வீடியோ போடுபவர்களை அழைக்கும் ஓட்டல்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். பணம் கொடுத்தாலும், இலவசச் சாப்பாடு மட்டும் கொடுத்தாலும், அது விளம்பரம் என்று வீடியோவில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். வீடியோ வெளியாகும் தேதியை முன்பே பேசி வைத்துச் சரக்கும் ஆளும் கூட்டாமல் விட்டால், கூட்டம் வந்து ஏழு மணிக்கே 'தீர்ந்துவிட்டது' என்று திரும்பிப்போய் ஒற்றை நட்சத்திரம் குத்தும். நாட்டுமருந்துக் கடைக்காரர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்பது போன்ற விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாலும் விளம்பரம் விளம்பரம்தான். வீட்டில் செய்து விற்கும் ஊறுகாய், பொடி வகைகளின் உறையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்க வேண்டும். அதைப் பொருளின் படத்திலேயே தெரியும்படி எடுத்தால் வாங்குபவருக்கும் நம்பிக்கை கூடும்.

ஐயா, இவற்றில் பெரும்பகுதி ஓர் அரைநாளில் கற்றுக்கொடுக்கக் கூடியவை. தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம், சிறுதொழில் சங்கமான மடீட்சியா, அந்தந்த வீதி வணிகர் சங்கங்கள், மாவட்டத் தொழில் மையம் ஆகியோர் இதைப் பேச்சாளர் மேடையேறிப் பேசும் கருத்தரங்காக நடத்தாமல், செய்து முடிக்கும் முகாமாக நடத்த வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கடைக்காரர் தம் ஃபோனையும், பலகை தெரியும் படத்தையும், ஜிஎஸ்டி சான்றையும், இருபது பொருள்களின் விலைப் பட்டியலையும் கொண்டுவர வேண்டும். அங்கேயே மேப் பின்னைத் திருத்தி, நேரத்தைப் போட்டு, வாட்ஸ்அப் பிசினஸில் பொருள்களை ஏற்றி, பக்கத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழ வேண்டும். சரிபார்ப்பு வீடியோவை மட்டும் மறுநாள் கடையில் எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி மாணவர்களில் வணிகவியல், கணினி படிப்பவர்களை ஒரு மேசைக்கு ஒருவராக உட்கார வைத்தால் ஆள் பற்றாக்குறையும் இராது.

மெட்டாவிலும் கூகுளிலும் விளம்பர இடம் ஏலத்தில்தான் போகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பெரிய ஜவுளிக்கடைகளும் ஆன்லைன் நிறுவனங்களும் ஒரே நேரத்தில் ஏலம் கேட்பதால் ஒரு விசாரணைக்கான விலை ஏறிவிடும். சிறு கடைகள் அதற்கு முன்பே பழைய வாடிக்கையாளர் பட்டியலைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். எனவே முகாம்கள் ஆடிக்குள் தொடங்கி ஆவணிக்குள் முடியும்படி சங்கங்கள் இப்போதே தேதி குறித்தால் நல்லது.

இப்படிக்கு,
இணைய விளம்பரப் பயிற்றுநர்,
சிம்மக்கல், மதுரை.